டெம்பரேச்சர் முள் சரியில்லையா? அறிகுறி பார்த்துப் பழுது பிடிக்கும் வழி

"சென்சார் போயிடுச்சு, புதுசு போட்டுடுங்க" என்று சொல்லிக்கொண்டே பட்டறைக்குள் வண்டியை விடுபவர்கள் நிறைய. கழற்றிப் பார்த்தால் பல வண்டிகளில் கூலன்ட்டின் சூட்டை அளக்கும் அந்தச் சென்சார் நன்றாகவே இருக்கும். கூலன்ட் குறைந்திருக்கும், சென்சாரில் வயரை மாட்டும் கப்ளரில் பச்சை பூத்திருக்கும், அல்லது முன்பு வேலை பார்த்தவர் தர்மோஸ்டாட் வால்வை (இன்ஜின் சூடேறும் வரை கூலன்ட்டை ரேடியேட்டருக்கு விடாமல் தடுக்கும் வால்வு) கழற்றிப் போட்டிருப்பார். மீட்டர் தப்பா, இன்ஜின் உண்மையிலேயே சூடாகிறதா என்பதைத்தான் முதலில் பிரிக்க வேண்டும். அதைப் பிரிக்காமல் பார்ட்ஸ் வாங்கினால் காசுதான் வீண்.

கீழே ஒவ்வொரு அறிகுறிக்கும் செலவில்லாத காரணத்தில் தொடங்கி, கை கடிக்கும் காரணம் வரை போகிறேன். உங்கள் வண்டியின் அறிகுறிக்கு நேராகப் போய்விடலாம். ஆனால் அடுத்த பகுதியை மட்டும் படித்துவிட்டுப் போங்கள்.

கை வைக்கும் முன்

சூடான இன்ஜினில் ரேடியேட்டர் மூடியைத் திறக்காதீர்கள். துணி சுற்றித் திறப்பேன், கொஞ்சமாகத் திருகுவேன் என்பதெல்லாம் வேண்டாம். மேல் ஹோஸைத் தொட்டால் கை தாங்க வேண்டும், அழுத்தினால் மெத்தென்று அமுங்க வேண்டும். அதற்குப் பிறகுதான் மூடி.

அடுத்தது, சென்சாரில் எத்தனை வயர் என்று பாருங்கள். பெரும்பாலும் தர்மோஸ்டாட் கூட்டிலோ அதன் பக்கத்திலோதான் இருக்கும். ஒரு வயர் என்றால் அது மீட்டர் முள்ளுக்கு மட்டும். இரண்டு வயர் என்றால் இசியுவுக்கு, அதாவது இன்ஜினை இயக்கும் கம்ப்யூட்டருக்கு. சில வண்டிகளில் இரண்டும் தனித்தனியாக இருக்கும். சிலவற்றில் மூன்று வயர் கொண்ட ஒரே சென்சார் இரண்டு வேலையும் பார்க்கும். புது வண்டிகள் பலவற்றில் முள்ளுக்கென்று தனி சென்சார் கிடையாது, இசியு சொல்வதைத்தான் முள் காட்டும். கீழே சொல்லும் சோதனைகள் வயர் எண்ணிக்கையைப் பொறுத்து மாறும், அதனால்தான் இதை முதலில் சொல்கிறேன்.

கருவி என்று பார்த்தால் ஒரு மல்டிமீட்டர், போனோடு இணைந்து இசியுவின் அளவுகளையும் பழுதுக் கோடுகளையும் (code) காட்டும் ஓபிடி புளூடூத் கருவி, முடிந்தால் தூரத்திலிருந்தே சூடு அளக்கும் இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர். இந்தியாவில் ஓபிடி-2 கட்டாயமானது 2013 ஏப்ரலில். அதற்குப் பின் வந்த கார்களில் இந்தக் கருவி சிக்கலில்லாமல் பேசும். முந்தைய மாடல்களில் வேலை செய்தால் லாபம். இன்ஃப்ராரெட் கருவியைப் பளபளக்கும் அலுமினியத்தில் நேராகக் காட்டினால் குறைத்துக் காட்டும். ஒரு துண்டு கறுப்பு டேப் ஒட்டி அதன்மேல் காட்டுங்கள்.

## முள் சிவப்புக்குப் போய்விட்டது

ஓட்டிக்கொண்டிருக்கும்போது என்றால் ஏசியை அணைத்து ஓரம் கட்டுங்கள். ஓரம் கட்டும் வரை ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, உள்ளே காற்று வேகமாக வரும்படி விட்டால் கொஞ்சம் சூடு இறங்கும். ஆவி தெரிந்தால் உடனே இன்ஜினை அணையுங்கள். இன்ஜின் மேல் பச்சைத் தண்ணீர் ஊற்ற வேண்டாம். இன்ஜினின் மேல்பகுதியான ஹெட் வளைந்துபோகும், விரிசலும் விடலாம்.

நிறுத்திய பிறகு முதல் கேள்வி: இது உண்மைச் சூடா? பானெட்டைத் திறந்தால் அனல், கொதிக்கும் சத்தம், ரிசர்வ் டேங்கில் குமிழி, கூலன்ட்டின் இனிப்பு வாடை இருக்கும். இவற்றில் ஒன்றாவது இருந்தால் உண்மைச் சூடு.

இவை எதுவும் இல்லை, முள் மட்டும் உச்சத்தில். காலையில் சாவி போட்டதுமே முள் சிவப்பில் நிற்கிறதென்றால், சந்தேகமே வேண்டாம், மின்சாரக் கோளாறு. ஒரு வயர் சென்சாரில் அந்த வயரைப் பிடுங்குங்கள். சாவி போட்ட நிலையில் முள் கீழே இறங்கினால் சென்சார் உள்ளே ஷார்ட் ஆகியிருக்கிறது. இறங்காவிட்டால், வயர் எங்கோ உரசித் தோல் போய் இன்ஜின் உடம்பைத் தொடுகிறது. எக்ஸாஸ்ட் பக்கம் போகும் இடத்தில் முதலில் தேடுங்கள். இரண்டு வயர் வண்டியில் இதே கோளாறு பி0117 என்ற கோடாக வரும். கப்ளரைக் கழற்றினால் ஓபிடியில் வெப்பநிலை மைனஸ் 40க்கு விழ வேண்டும். விழுந்தால் சென்சாரை மாற்றுங்கள், விழாவிட்டால் வயரிங்.

பெட்ரோல் முள்ளும் சேர்ந்து தப்பாகக் காட்டுகிறதா? அப்படியானால் சென்சாரைத் தொடவே வேண்டாம். இரண்டு மீட்டருக்கும் பொதுவான சப்ளையிலோ, மீட்டர் போர்டின் எர்த்திலோதான் கோளாறு. இது ஆட்டோ எலக்ட்ரீஷியன் வேலை.

உண்மைச் சூடு. நன்றாக ஆறிய பின் மூடியைத் திறந்து கூலன்ட் அளவைப் பாருங்கள். ரிசர்வ் டேங்கில் இருக்கிறதே என்று ஏமாறாதீர்கள். மூடி கெட்டிருந்தால் டேங்க் நிறைந்திருக்கும், ரேடியேட்டர் காலியாக இருக்கும். அளவு குறைந்திருந்தால் ஹோஸ் கிளிப், ரேடியேட்டரின் பிளாஸ்டிக் ஓரம், வாட்டர் பம்ப் அடியில் உள்ள சிறு துளை என்று கசிவு தேடுங்கள். அந்தத் துளையில் காய்ந்த கூலன்ட் தடம் இருந்தால் பம்ப் சீல் போய்விட்டது. பம்ப் பெல்ட் அறுந்திருக்கிறதா, தளர்ந்திருக்கிறதா என்பது கண்ணாலேயே தெரியும். டைமிங் பெல்ட்டில் ஓடும் பம்ப் என்றால் நீங்கள் கழற்றாதீர்கள்.

கூலன்ட் முழுதாக இருக்கிறது, ஃபேன் ஓடுகிறது, ஆனாலும் ஏறுகிறது என்றால் தர்மோஸ்டாட் மூடிய நிலையில் சிக்கியிருக்கலாம். இன்ஜின் கொதிக்கும், கீழ் ஹோஸ் ஆறியே கிடக்கும். அதுவும் சரி என்றால் ரேடியேட்டர் உள்ளடைப்பு. போர்வெல் தண்ணீர் ஊற்றி ஓட்டிய வண்டிகளில் இது சகஜம்.

இங்கே நிறுத்திக்கொள்ளுங்கள்: ஆறிய இன்ஜினை ஸ்டார்ட் செய்து ஒரு நிமிடத்திலேயே மேல் ஹோஸ் கல் போல இறுகினால், டேங்கில் குமிழி ஓயாமல் வந்தால், ஆயில் மூடியின் உட்புறம் பால் கலந்த காபி நிறத்தில் இருந்தால், ஹெட் கேஸ்கெட் (ஹெட்டுக்கும் இன்ஜின் பிளாக்குக்கும் நடுவில் உள்ள அடைப்பு) போய்விட்டது. அதற்கு மேல் ஒரு கிலோமீட்டர்கூட ஓட்டாமல் டோ செய்யுங்கள். ஓட்டிக்கொண்டு வந்தால் கேஸ்கெட்டோடு முடிய வேண்டியது லேத்தில் ஹெட்டைச் சமமாகச் சீவும் ஃபேஸிங் வரை போகும்.

## சிவப்புக்குப் போன முள் திடீரென்று கீழே விழுந்துவிட்டது

இந்த ஒன்றுக்குத் தனித் தலைப்பு கொடுக்கக் காரணம் இருக்கிறது. "முள் ஏறிச்சு, அப்புறம் தானே சரியாயிடுச்சு" என்று ஓட்டிக்கொண்டு வந்து இன்ஜின் ஜாம் ஆன வண்டிகள் உண்டு. சென்சாரின் முனை கூலன்ட்டில் மூழ்கியிருந்தால்தான் அளவு சரியாக இருக்கும். கூலன்ட் முழுக்கப் போய்விட்டால் முனை வெற்று ஆவியில் நிற்கும், முள் இறங்கும். உள்ளே இன்ஜின் வெந்துகொண்டிருக்கும்.

ஆகவே ஏறிய முள் சில விநாடிகளில் கீழே போனால், இன்ஜினை அணையுங்கள். சென்சார் சோதனையெல்லாம் பிறகு.

## முள் எழும்பவே இல்லை

பதினைந்து நிமிடம் ஓடியும் முள் அடியிலேயே கிடக்கிறது. முதலில் கூலன்ட் அளவு, காரணம் மேலேயே சொல்லிவிட்டேன். அது சரியென்றால் கப்ளரைக் கழற்றிப் பாருங்கள். பின்னில் பச்சையோ வெள்ளையோ பூத்திருந்தால் கான்டாக்ட் கிளீனர் அடித்து, மெல்லிய பிரஷ்ஷால் துடைத்து மாட்டுங்கள். சில சமயம் சர்வீசில் கழற்றியவர் மாட்ட மறந்து, கப்ளர் தொங்கிக்கொண்டிருக்கும்.

ஒரு வயர் வண்டி: சாவி போட்டு, வயரைப் பிடுங்கி, அதன் நுனியை இன்ஜினின் சுத்தமான உலோகத்தில் ஒரு கணம் தொடுங்கள். பெரும்பாலான வண்டிகளில் முள் மேலே பாய வேண்டும். பாய்ந்தால் மீட்டரும் வயரும் நலம், சென்சார்தான் கெட்டது. பாயாவிட்டால் பியூஸ், வயர், மீட்டர் என்று பின்னோக்கிப் போங்கள். வயரைத் தொட்டபடியே வைத்திருக்க வேண்டாம். பழைய மீட்டரின் சுருள் கருகிவிடும்.

புதுச் சென்சார் போட்ட பிறகும் முள் எழவில்லையா? திரெட்டில் டெஃப்லான் டேப் சுற்றியிருக்கிறதா பாருங்கள். ஒரு வயர் சென்சாருக்கு எர்த் கிடைப்பதே அந்தத் திரெட் வழியாகத்தான். டேப்பைத் தாராளமாகச் சுற்றினால் எர்த் அறுந்துவிடும்.

இரண்டு வயர் வண்டி: ஓபிடியில் மைனஸ் 40 காட்டுகிறது, பி0118 கோடு இருக்கிறது என்றால் சர்க்யூட் எங்கோ திறந்திருக்கிறது. கப்ளரைக் கழற்றி, கப்ளர் பக்கத்து இரண்டு பின்னையும் ஒரு சிறு வயரால் இணையுங்கள். அளவு 120 டிகிரிக்கு மேல் எகிறினால் வயரிங் சரி, சென்சாரை மாற்றலாம். அசையாவிட்டால் கப்ளரில் 5 வோல்ட் வருகிறதா பாருங்கள். வராவிட்டால் இசியு வரை வயரைத் தேட வேண்டும், எலக்ட்ரீஷியனிடம் கொடுங்கள். எந்த நிலையிலும் இந்த வயரில் பேட்டரியின் 12 வோல்ட்டைக் கொடுத்துப் பார்க்காதீர்கள். சில நூறு ரூபாய் சென்சாரில் முடியும் வேலை இசியுவில் போய் நிற்கும்.

## டவுனில் சரி, ஹைவேயில் முள் இறங்குகிறது

சென்சார் கோளாறே இல்லை. தர்மோஸ்டாட் திறந்தபடி சிக்கியிருக்கிறது, அல்லது அங்கே தர்மோஸ்டாட்டே இல்லை.

நம் ஊரில் இரண்டாவதுதான் அதிகம். "இந்த வெயிலுக்கு வால்வு எதுக்கு சார், கழட்டிட்டா இன்ஜின் கூலா இருக்கும்" என்பது பழைய கார்பரேட்டர் காலத்துப் பேச்சு. இசியு உள்ள வண்டியில் இன்ஜின் 80 டிகிரியைத் தாண்டாவிட்டால், அது இன்னும் சூடேறவில்லை என்று நினைத்துப் பெட்ரோலைக் கூட்டிக்கொண்டே இருக்கும். மைலேஜ் குறையும், ஆயிலில் பெட்ரோல் சேரும், பி0128 கோடு வந்து செக் இன்ஜின் லைட் எரியும். அந்த லைட்டுக்காகச் சென்சார் மாற்றி, ஆக்சிஜன் சென்சாரும் மாற்றிவிட்டு வருபவர்கள் இருக்கிறார்கள். அத்தனைக்கும் காரணம் கழற்றிப் போட்ட ஒரு சின்ன வால்வு.

சோதனை எளிது. காலையில் ஆறிய இன்ஜினை ஸ்டார்ட் செய்து மேல் ஹோஸில் கை வையுங்கள். வால்வு நன்றாக இருந்தால் சில நிமிடங்கள் ஆறியே இருந்து, பிறகு சட்டென்று சுடும். தொடக்கத்திலிருந்தே மெதுவாகச் சூடேறினால் வால்வு திறந்திருக்கிறது. கழற்றிப் பார்ப்பதென்றால் ஒரு பாத்திரத் தண்ணீரில் நூல் கட்டித் தொங்கவிட்டுச் சூடாக்குங்கள். வால்வில் 82, 88 என்று ஏதோ ஓர் எண் பொறித்திருக்கும். அந்தச் சூட்டில் திறக்கத் தொடங்கி, ஆறினால் முழுதாக மூட வேண்டும். புதிது வாங்கும்போது அதே எண்ணைக் கேட்டு வாங்குங்கள்.

## டிராஃபிக்கில் ஏறுகிறது, ஓடினால் இறங்குகிறது

ஃபேன். ஏசியைப் போடுங்கள், பெரும்பாலான வண்டிகளில் ரேடியேட்டர் ஃபேனும் உடனே ஓட வேண்டும். ஓடினால் மோட்டாரும் பியூஸும் நலம், அதை ஓட்டச் சொல்லும் பக்கத்தில்தான் கோளாறு: பழைய மாடலில் ரேடியேட்டரில் இருக்கும் தனி ஃபேன் ஸ்விட்ச், புது மாடலில் இசியு சென்சார் அல்லது ரிலே. ஃபேன் ஸ்விட்ச்சின் இரண்டு வயரையும் இணைத்தால் ஃபேன் ஓடுகிறதா பாருங்கள். ஓடினால் ஸ்விட்ச்சை மாற்றுங்கள்.

ஏசிக்கும் ஓடவில்லையா? பியூஸ். அப்புறம் ரிலே, பெட்டியில் அதே எண் கொண்ட இன்னொரு ரிலே இருந்தால் மாற்றிப் போட்டுப் பாருங்கள். அதன் பிறகு மோட்டாருக்கு நேராக பேட்டரி கொடுங்கள். குச்சியால் லேசாகத் தட்டினால் ஓடத் தொடங்கும் மோட்டாரில் கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கிறது, அதிக நாள் தாங்காது.

ஃபேன் ஓடியும் சூடு இறங்கவில்லை என்றால், முன்னால் ஏசி கண்டென்சர் மீது ஒரு தாளை வையுங்கள். இழுத்துப் பிடிக்க வேண்டும். தள்ளினால் மோட்டார் மாற்றியவர் வயரை மாற்றிக் கொடுத்துவிட்டார், ஃபேன் எதிர்ப்பக்கம் சுற்றுகிறது. சுத்தமாக இழுக்கவில்லை என்றால் கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவில் பூச்சி, பஞ்சு, மண் அடைத்திருக்கும். குறைந்த அழுத்தத்தில் பின்பக்கமிருந்து தண்ணீர் அடியுங்கள். வாட்டர் சர்வீஸ் கன்னை நெருக்கிப் பிடித்தால் ரேடியேட்டர் இதழ்கள் மடங்கிவிடும்.

## முள் நடுவில்தான் இருக்கிறது, ஆனால் கூலன்ட் கொதித்து வழிகிறது

மலைக்குப் போய் வரும் வண்டிகளில் இதைப் பார்க்கலாம். சேலத்தில் இருப்பதால் ஏற்காட்டின் 20 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏசி போட்டு ஏறிய வண்டிகள் எங்களிடம் வரும். ஓட்டியவர் "முள் நடுவுலதான் இருந்துச்சு" என்று சத்தியம் செய்வார். அவர் சொல்வது உண்மையாகத்தான் இருக்கும்.

பல கார்களில் முள் அசையாமல் இருக்கும்படி வேண்டுமென்றே அமைத்திருக்கிறார்கள். ஏறத்தாழ 80 முதல் 105 டிகிரி வரை அது நடுவிலேயே நிற்கும். ஊட்டி உயரத்தில், அழுத்தம் இல்லாத வெறும் தண்ணீர் சுமார் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். அதைக் கொதிக்காமல் பிடித்து வைப்பது ரேடியேட்டர் மூடி. மூடியில் 0.9, 1.1 என்று அச்சிட்டிருக்கும் எண் அந்த அழுத்தம்தான். 0.9 மூடி நன்றாக இருந்தால், சமவெளியில் வெறும் தண்ணீர்கூட 118 டிகிரி வரை கொதிக்காது. மூடியின் ரப்பர் போய், உள்ளே கூலன்ட்டுக்குப் பதில் தண்ணீரும் இருந்தால், மலை மேல் முள் நடுவில் இருக்கும்போதே கொதிக்கும். சென்சார் சரியாகத்தான் அளக்கிறது, மூடிதான் பிடிக்கவில்லை.

மூடியின் ரப்பர் விரிந்திருக்கிறதா, கீழே உள்ள குட்டி வால்வு விரலால் இழுத்தால் திறந்து மூடுகிறதா பாருங்கள். இன்ஜின் ஆறிய பின் மேல் ஹோஸ் சப்பிப்போயிருந்தால் அந்தக் குட்டி வால்வு சிக்கியிருக்கிறது. அதே எண் கொண்ட புது மூடி பெரிய செலவில்லை. பழைய தண்ணீரை வடித்து, வண்டிக் கையேட்டில் சொன்ன கூலன்ட்டை ஊற்றுங்கள். நிறத்தை வைத்து வாங்காதீர்கள். பச்சை, சிவப்பு, நீலம் என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். கலக்க வேண்டியிருந்தால் பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர் மட்டும்.

புது மூடி போட்டும் வழிகிறதென்றால் கேஸ்கெட் சந்தேகம். கூலன்ட்டில் புகை கலக்கிறதா என்று நிறம் மாறும் திரவத்தால் பார்க்கும் சோதனை உண்டு. பெரிய பட்டறையில் கேட்டுச் செய்துகொள்ளுங்கள்.

## முள் ஏறி இறங்கி ஆடுகிறது

நிதானமாக ஏறி இறங்கினால் ஏர்லாக், அதாவது கூலன்ட் பாதையில் காற்று சிக்கியிருக்கிறது. பெரும்பாலும் கூலன்ட் மாற்றிய பிறகு வரும். ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்தால் ஒரு நேரம் சூடாகவும் ஒரு நேரம் சில்லென்றும் காற்று வந்தால் அதேதான். காற்றை வெளியேற்றும் வழி கடைசிப் பகுதியில்.

வெடுக் வெடுக்கென்று ஆடினால் வயர். இன்ஜின் ஐடிலில் ஓடும்போது கப்ளரை மெல்ல அசைத்துப் பாருங்கள். ஹெட்லைட் போடும்போதோ இண்டிகேட்டர் அடிக்கும்போதோ முள் சேர்ந்து அசைந்தால் எர்த். மல்டிமீட்டரின் ஒரு முனையை பேட்டரி நெகட்டிவிலும் மறு முனையை இன்ஜின் உலோகத்திலும் வைத்து, இன்ஜினை ஓடவிட்டு லைட்டெல்லாம் போடுங்கள். 0.1 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் வயரைக் கழற்றி, உப்புத்தாளால் தேய்த்து இறுக்குங்கள். பலருக்கு வேலை இத்தோடு முடிந்துவிடும்.

## முள் சரி, ஆனால் ஃபேன் நிற்கவே இல்லை. காலையில் ஸ்டார்ட்டும் சிரமம்

சென்சார் சிக்னல் நம்பும்படி இல்லையென்றால், பாதுகாப்புக்காக ஃபேனை முழு நேரமும் ஓடவிடுவது பல இசியுக்களின் பழக்கம். முள்ளுக்குத் தனி சென்சார் உள்ள வண்டியில் முள் ஒழுங்காக இருக்கும், இசியு மட்டும் குழம்பும். காலையில் நீண்ட நேரம் செல்ஃப் அடிக்க வேண்டியிருப்பது, கறும்புகை, மைலேஜ் குறைவு எல்லாம் இதோடு சேர்ந்து வரும்.

இரவு முழுதும் நின்ற வண்டியில், ஸ்டார்ட் செய்யாமல் சாவி மட்டும் போட்டு, ஓபிடியில் கூலன்ட் வெப்பநிலையையும் உள்ளிழுக்கும் காற்றின் வெப்பநிலையையும் பாருங்கள். இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றாக இருக்க வேண்டும். காற்று 28, கூலன்ட் 55 என்றால் சென்சார் பொய் சொல்கிறது. கோடு எதுவும் வராமலேயே இப்படிக் கெடுவது உண்டு.

உறுதி செய்ய, சென்சாரின் இரண்டு பின்னுக்கும் நடுவே ஓம் அளவு பாருங்கள். பல வண்டிகளில் 30 டிகிரியில் ஒன்றரை முதல் இரண்டு கிலோ ஓம், 80 டிகிரியில் 300 ஓம் சுற்றி இருக்கும். சூடேற ஏற அளவு சீராகக் குறைய வேண்டும். நடுவில் எகிறினால் மாற்றிவிடுங்கள். உங்கள் மாடலின் சரியான அளவு சர்வீஸ் மேனுவலில் இருக்கும்.

## முள்ளே இல்லாத வண்டி

நீல விளக்கு, சிவப்பு விளக்கு மட்டும் உள்ள கார்களில் நீலம் ஆறிய இன்ஜினுக்கு. சில நிமிடங்களில் அணைய வேண்டும். அணையவே இல்லையென்றால் தர்மோஸ்டாட் அல்லது சென்சார். சிவப்பு எரிந்தால் முள் உச்சத்துக்குப் போனதாகவே எடுத்துக்கொள்ளுங்கள். இவ்வகை வண்டிக்கு ஓபிடி கருவி வாங்கி போனில் எண்ணைப் பார்த்து ஓட்டுவது நல்லது, குறிப்பாக மலைப் பயணத்தில்.

## சென்சார்தான் என்று உறுதியானால்

ஆறிய இன்ஜின். மூடியைத் திறந்து அழுத்தத்தை விட்டுவிட்டு மறுபடி மூடுங்கள். மூடியிருந்தால் கூலன்ட் குறைவாகவே ஒழுகும். புதுச் சென்சாரைக் கையில் வைத்துக்கொண்டு பழையதைக் கழற்றி உடனே மாட்டுங்கள். வாஷர் அல்லது ஓ-ரிங் புதிதாக இருக்கட்டும். கூடு அலுமினியமோ பிளாஸ்டிக்கோதான், பலம் காட்டினால் திரெட் போய்விடும். பழைய சென்சார் அசையாமல் பிடித்திருந்தால் அப்போதே மெக்கானிக்கிடம் விடுங்கள். கூட்டுக்குள் முறிந்தால் கூட்டையே மாற்ற வேண்டியிருக்கும்.

கூலன்ட்டை நிரப்பி, வண்டியின் மூக்கு மேடாக இருக்கும்படி நிறுத்தி, ஹீட்டரைச் சூட்டில் வைத்து ஐடிலில் ஓடவிடுங்கள். ரேடியேட்டரில் மூடி உள்ள வண்டி என்றால் ஸ்டார்ட் செய்யும் முன்பே மூடியைத் திறந்து வைத்து, குமிழி வர வர ஊற்றி, மேல் ஹோஸ் சுடத் தொடங்கியதும் மூடிவிடுங்கள். காற்று வெளியேற்றத் தனி திருகு உள்ள வண்டியில் அதைப் பயன்படுத்துங்கள். ஃபேன் இரண்டு தடவை ஓடி நிற்கும் வரை காத்திருங்கள். பிறகு ஓபிடி கருவியால் பழுதுக் கோடுகளை (code) அழித்து ஒரு சுற்று ஓட்டிவிட்டு, மறுநாள் காலை இன்ஜின் ஆறியிருக்கும்போது அளவைப் பாருங்கள். கொஞ்சம் இறங்கியிருந்தால் நிரப்பினால் போதும். அதற்கடுத்த காலையும் இறங்கியிருந்தால் கசிவு தேட வேண்டும்.